கிளேர் பள்ளத்தாக்கின் மிதிவண்டிப் பாதையும் நம் பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகையும்



மது என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். தோட்டப்புறத்தில் கள்ளும் பின்னாளில் சம்சுவும் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தன என்பதை லயத்து வாசலில் இருந்தபடியே கண்டு வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் ஒயின் விளையும் நாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நான் எழுத வந்தது அங்குள்ள திராட்சைத் தோட்டங்களின் ஊடே செல்லும் ஒரு மிதிவண்டிப் பாதையைப் பற்றி.

2023ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் மனைவியின் தம்பி குடும்பத்தைக் காண ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்து வடக்கே மகிழுந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் கிளேர் பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. அலையலையான குன்றுகள், குன்றுச் சரிவெல்லாம் நூல் பிடித்தாற்போல் திராட்சைக் கொடிகள். ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சை வகைக்கு அவ்விடம் புகழ்பெற்றது. அதனால் பாதைக்கும் ரீஸ்லிங் பாதை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மொத்த நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆபர்ன் என்னும் சிற்றூரிலிருந்து கிளேர் நகர் வரையுள்ள 25 கிலோமீட்டரை நாங்கள் தேர்ந்துகொண்டோம். மிதிவண்டியையும் தலைக்கவசத்தையும் வாடகைக்குத் தருகிறார்கள். தலைக்கவசம் அங்கே சட்டப்படி கட்டாயம். 1991ஆம் ஆண்டிலிருந்து அப்படித்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிதிவண்டியைத் தொடாதவன் நான். குன்றுகளைப் பார்த்ததும் எனக்குக் கலக்கமாகவே இருந்தது. மைத்துனரின் ஒன்பது வயது மகள்தான் "பயப்படாதீங்க மாமா, மேடே தெரியாது" என்று தேற்றினாள். அவள் சொன்னது பொய்யில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தப் பாதை முன்னாளில் தொடர்வண்டிப் பாதையாக இருந்தது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது பிடிமானம் குறைவு. செங்குத்தான மேட்டில் அது வழுக்கும். ஆகவே தொடர்வண்டிப் பாதை அமைப்போர் மேட்டை வெட்டித் தாழ்த்துவர், பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்துவர், குன்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவர். நீராவி இயந்திரத்திற்காக அன்று செய்த அந்த வேலை, இன்று ஒன்பது வயதுச் சிறுமியின் கால்களுக்கும் என் முழங்கால்களுக்கும் உதவுகிறது. ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் உராய்வை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

1918ஆம் ஆண்டில் கிளேருக்கு வந்து சேர்ந்த தொடர்வண்டிப் பாதை அது. 1983 பிப்ரவரி 16ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவையும் விக்டோரியாவையும் சுட்டெரித்த 'சாம்பல் புதன்' காட்டுத்தீயில் அப்பாதையும் சேதமுற்றது. அதன் பிறகு மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நிலத்தைக் கூறுபோட்டு விற்றிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. உள்ளூர் மக்கள் அதை விடவில்லை. 1994ஆம் ஆண்டு தொடங்கி, கட்டங்கட்டமாகச் சரளை பரப்பி மிதிவண்டிப் பாதையாக்கினர். இன்றும் தன்னார்வலர்களே அதைப் பேணி வருகின்றனர்.

பாதையின் அழகை நான் வருணிக்கப் போவதில்லை; எனக்கு அது வராது. காலை எட்டு மணிக்குக் காதில் விழுந்தவற்றை மட்டும் சொல்கிறேன். சரளையின் நொறுநொறுப்பு, யூக்கலிப்டஸ் மரங்களில் கிளிகளின் கூச்சல், தொலைவில் எங்கோ ஒரு நாய். அவ்வளவுதான். வாகன இரைச்சல் இல்லை. சாலையே இல்லாத ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். ஹோராக்ஸ் நெடுஞ்சாலை என்னும் பெருஞ்சாலை அதே பள்ளத்தாக்கில்தான், சில இடங்களில் கூப்பிடு தொலைவில், போகிறது. சரக்குந்துகள் அதன் வழியே விரைகின்றன. அவற்றை யாரும் நிறுத்தவில்லை. குழந்தைக்கு வேறொரு வழி இருக்கிறது, அவ்வளவே. பாதை ஊர்ச்சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் அச்சிறுமி இறங்கி, இருபுறமும் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தாள். கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

வழியில் பென்வொர்தம் என்ற ஊரில் ஓய்வெடுத்தோம். அவ்வூரை நிறுவிய ஜான் ஹோராக்ஸ் என்பவரின் கதை மாணவர்களுக்குப் பிடிக்கும். நான் வகுப்பில் சொல்லியும் பார்த்துவிட்டேன். ஆஸ்திரேலிய மண்ணில் முதன்முதலில் வந்திறங்கிய ஒட்டகத்தை அழைத்துக்கொண்டு 1846ஆம் ஆண்டில் அவர் வடக்கே நிலம் தேடிப் புறப்பட்டார். துப்பாக்கியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்த வேளையில் ஒட்டகம் அசைய, குண்டு பாய்ந்து காயமுற்று, சில வாரங்களில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. ஒட்டகத்தையும் சுட்டுவிடும்படி சொல்லிவிட்டுப் போனாராம். "ஒட்டகம் என்ன பாவம் செய்தது, ஐயா?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நான் விடை சொல்லவில்லை.

அடுத்து செவன்ஹில். ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியர் 1851இல் அங்கே நிலம் வாங்கித் திராட்சை நட்டனர்; தேவாலயப் பூசைக்கு ஒயின் வேண்டுமென்பதே நோக்கம். அதன் பின் கிளேர் வரை இறக்கம். பத்து மணிக்குமேல் வெயில் ஏறி, ஈக்கள் முகத்தில் மொய்க்க, தண்ணீரும் தீர்ந்துபோய், நான் படாத பாடுபட்டேன். "நம் நாட்டு வெயிலில் மிதிவண்டி ஓட்ட முடியுமா?" என்று கேட்போர் கிளேரின் டிசம்பர் வெயிலை ஒருநாள் கண்டுவர வேண்டும்!

கிளேரில் ஒரு மரநிழலில் அமர்ந்திருந்தபோது, பத்துப் பதினொரு வயதுச் சிறுவர்கள் மூவர் பெரியவர் துணையின்றி மிதிவண்டியில் என்னைக் கடந்து சென்றனர். அவர்களைக் கண்டதும் எனக்கு வேறொரு சிறுவன் நினைவுக்கு வந்தான். இதை எழுதுவதா வேண்டாவா என்று ஓராண்டுக்கு மேல் தயங்கினேன்.

2014ஆம் ஆண்டில் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மிதிவண்டியில் வரும்போது, பள்ளிக்கு அருகிலுள்ள வளைவில் சரக்குந்து உரசிக் கீழே விழுந்தான். கை முறிந்தது. உயிர் தப்பியது இறைவன் அருள். மறுவாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் கூடியது. "இனி எந்த மாணவரும் மிதிவண்டியில் வரலாகாது" என்று முடிவாயிற்று. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். நல்ல தமிழில், பிழையின்றி, அழுத்தமாக எழுதினேன். அன்று பள்ளியில் பதினொரு பேர் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தனர்.

அச்சிறுவனின் தாயார் தொழிற்சாலையில் பணிமாற்று முறையில் வேலை செய்தவர். வீட்டில் வேறு வாகனம் இல்லை. பள்ளி வேனுக்கு மாதந்தோறும் கட்டணம் கொடுக்க முடியவில்லை. கை குணமான பின்னும் அவன் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. காரணம் கேட்டு அத்தாயாரை அழைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சார், சைக்கிளை நிறுத்திட்டீங்க. லாரியை யாரும் நிறுத்தலையே" என்றார். அதற்கு நான் ஏதேதோ விதிமுறைகளைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அத்தாயார் கேட்டது முற்றிலும் சரி. ஆபத்து சாலையில் இருந்தது. நாங்கள் தண்டித்ததோ பிள்ளையை. இன்று நம் பள்ளி வாயில்களில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மகிழுந்துகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் பிள்ளையும் மகிழுந்தில்தான் வந்திறங்குகிறான். சாலை ஆபத்தானது என்பதால் மகிழுந்தில் கொண்டுவருகிறோம். அவ்வாறு கொண்டுவரும் மகிழுந்துகளாலேயே வாயில் ஆபத்தாகிறது. பெற்றோரைக் குறை சொல்லவில்லை. என் மகளை நானும் அப்படித்தான் கொண்டுவந்தேன்.

"அவர்களுக்கு நிலம் இருக்கிறது, பணம் இருக்கிறது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். கிளேரில் புதிதாக நிலம் வாங்கவில்லையே. கைவிடப்பட்ட வழியைத்தானே பயன்படுத்தினார்கள்? நிலத்திற்குப் பெரும்பஞ்சமுள்ள சிங்கப்பூரிலேயே, 2011ஆம் ஆண்டில் மலாயாத் தொடர்வண்டிச் சேவை தஞ்சோங் பகாரிலிருந்து விலகியபின், அந்த 24 கிலோமீட்டர் வழியை மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் விட்டு வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் முதல் தொடர்வண்டிப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடியது. இன்று கோலா செபெத்தாங் என்று பெயர் மாறிவிட்ட அவ்வூரில் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருப்பதைச் சுற்றுலா செல்லும் நம் ஆசிரியர்கள் படமெடுத்து வந்து காட்டுகிறார்கள். அந்த வழி எங்கே போயிற்று என்று நான் உட்பட யாரும் கேட்டதில்லை.

ஒவ்வோர் ஊரிலும் 35 கிலோமீட்டர் பாதை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இப்போது நான் பணியாற்றும் பள்ளியின் பின்புறம் செம்பனைத் தோட்டத்தின் ஊடே ஒரு மண்சாலை இருக்கிறது. குடியிருப்புப் பகுதியிலிருந்து பள்ளியின் பின்வேலி வரை ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தோட்டத்து டிராக்டர் எப்போதேனும் போகும். வேறு வாகனம் கிடையாது. ஒரு முனையில் தோட்டத்தின் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. மறுமுனையில் எங்கள் வேலி. காலையில் ஒரு மணி நேரமும் நண்பகலில் ஒரு மணி நேரமும் அக்கதவைத் திறந்துவிட இயலுமா என்று கேட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் தோட்ட நிர்வாகத்திற்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பெற்றோர் இருவர் முறைவைத்து உடன் வரத் தயார் என்றும் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் மூவர் கடுமையாக எதிர்த்தனர். பாம்பு வரும் என்றார் ஒருவர். அது நியாயமான அச்சமே, புல் வெட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகையில் இப்போது உடைந்த மேசைகளும் பழைய விளையாட்டுப் போட்டிப் பதாகைகளும் கிடக்கின்றன. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவற்றை அப்புறப்படுத்தப் போகிறோம். பெற்றோர் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையுறை கொண்டுவாருங்கள், கூரையில் குளவிக்கூடு ஒன்று இருக்கிறது.