ரோட்டில் குழி, பையில் ஓட்டை!

மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடி பக்கமோ ஒரு டயர் கடை வாசலில் நின்று பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிய கார் நிற்கும். பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு அதன் சொந்தக்காரர் நிற்பார்.

கதை எல்லாருக்கும் ஒன்றுதான். "தண்ணி நின்னுச்சு சார். ரோடுதானேன்னு விட்டேன். டொம்முனு ஒரு சத்தம். அவ்வளவுதான்!"

அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை வந்தது 1959-ல். நாட்டுக்கே டயர் செய்து கொடுத்த ஊர் இது. ஆலை மூடிவிட்டது. இப்போது டயரைக் கிழித்துக் கொடுக்கும் ஊராகிவிட்டது!

குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து போகின்றன. அறுந்த இடத்தில் காற்று தள்ள, பக்கவாட்டில் கொழுக்கட்டை போல ஒரு புடைப்பு. இதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. "இன்னும் ரெண்டு மாசம் ஓடாதா?" என்று ஓட்டினால், பைபாசில் வேகமாகப் போகும்போது வெடிக்கும். தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஒன்றா, இரண்டா?

இங்கேதான் அடுத்த இடி. "ஒண்ணு மட்டும் போட்டா சரிவராது சார், ரெண்டா போட்டுடுங்க. நாலும் மாத்தினா இன்னும் நல்லது" என்கிறார் கடைக்காரர். மாதக் கடைசியில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

ஒரே அச்சில் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்றால் பிடிப்பு சமமாக இருக்காது. ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே மறுபக்க டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுவதே நல்லது. புது ஜோடியைப் பின்னால் போட வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால்தான் வண்டி சுழலும்.

மற்ற டயர்களில் பட்டன் புதுசு போல இருந்தால் ஒன்றே போதும். அதே அளவு, அதே கம்பெனி, அதே ரகமாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தவிர மற்றவற்றுக்கு, நாலையும் மாற்று என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். அதே அளவில், தேயாமல், வயசாகாமல் கிடந்தால், ஒரு புது டயர் வாங்கி அதோடு ஜோடி சேர்க்கலாம். வயசு தெரிய டயரின் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வாங்கும் புது டயரிலும் இதைப் பாருங்கள். ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, அலைன்மென்டும் செய்துவிடுங்கள்.

பில் யார் பெயரில்?

"இன்சூரன்ஸ் இருக்கே!" என்பீர்கள். டயர் மட்டும் போனால் சாதாரண பாலிசியில் காலணா வராது. அதே அடியில் காரும் சேதமானால்தான் கிடைக்கும். அதுவும் டயர் விலையில் பாதி!

சாலை வரி கட்டியாயிற்று. பெட்ரோல் போடும்போதெல்லாம் சாலைக்கென்று செஸ் கொடுக்கிறோம். குழிக்கும் நாமே கட்ட வேண்டுமா?

யாரிடம் போய்க் கேட்பது? பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அம்பத்தூர் உள்தெருக்கள் 2011 முதல் சென்னை மாநகராட்சியுடையவை. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. "அது எங்க ரோடு இல்லீங்க" என்பதே பல நேரம் பதில். குழிக்கு எல்லை கிடையாது, புகாருக்கு மட்டும் உண்டு!

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவுப்படி, சாலையைச் சரியாகப் போடாத, பராமரிக்காத அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதற்கு உயிர் போக வேண்டும், அல்லது கை கால் முடமாக வேண்டும்.

உயிரும் போகாமல் இல்லை. 2013 முதல் 2017 வரை நாட்டில் குழிகளால் இறந்தவர்கள் 14,926 பேர். இதைப் பார்த்து 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே பதறியது. காருக்கு டயரோடு போகிறது. அதே குழியில், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு வரும் ஸ்கூட்டர்காரர் விழுந்தால்?

2025 அக்டோபரில் பம்பாய் ஐகோர்ட் ஒரு வழி காட்டியது. குழியால் செத்தால் 6 லட்சம், காயம்பட்டால் 50,000 முதல் 2½ லட்சம் வரை நஷ்டஈடு. பொறுப்பானவரிடம் வசூல் செய்யுங்கள் என்றது. அந்த நியாயம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஏன் வரக்கூடாது?

ஒவ்வொரு சாலையிலும் ஒரு போர்டு வையுங்கள். இது யார் ரோடு, போட்டது யார், எத்தனை வருஷத்துக்குப் பொறுப்பு என்று எழுதுங்கள். டயர் பில்லை யாருக்கு அனுப்புவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த மழைக்குள் செய்வார்களா?