நாளுக்கு ஒரு சிறு படம்



பட்டணத்தில் வாடகைக்குக் குடியிருக்கிற குடும்பங்களுக்கு 11 மாத ஒப்பந்தம் என்பது நன்கு பழகிப்போன ஒன்று. ஒப்பந்தம் முடிகிற மாதம் நெருங்கும்போதே, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டுவாரோ, காலி செய்யச் சொல்லுவாரோ என்கிற யோசனை தொடங்கிவிடுகிறது. இப்படியே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கும், ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கும் நாம் மாறிக்கொண்டே வந்திருக்கிறோம்.

இப்பொழுது உங்களிடம் ஒரு கேள்வி. இந்தப் பட்டணத்திற்கு வந்து முதன்முதல் நீங்கள் குடியிருந்த அறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதன் ஜன்னல் எந்தத் திசையில் இருந்தது? தண்ணீர் டிரம் எங்கே நின்றது? அடுப்புக்கு மேலிருந்த பலகையில் என்னென்ன டப்பாக்கள் இருந்தன? கதவின் தாழ்ப்பாள் எப்படிப்பட்டது? நம்மில் அநேகர் பதில் சொல்லத் தடுமாறுவோம். அந்த அறையில்தான் நம் பிள்ளை தவழ்ந்தது; அந்த அறையில்தான் நாம் வியாதியாய்ப் படுத்து எழும்பினோம். ஆனாலும் அது நம் நினைவைவிட்டு நழுவிவிட்டது. அங்கே நாம் வாழ்ந்தோம். ஆனால் அதை உற்றுப் பார்க்கவில்லை.

இந்த மாதம் நாம் சிந்திக்கப்போவது மிகவும் எளிய ஒரு பழக்கத்தைக் குறித்து. தினமும் பேனாவினால் ஒரு சிறு படம் வரைவதே அது. ஓவியராக வேண்டும் என்பதற்காக அல்ல, பரிசு பெற வேண்டும் என்பதற்காகவும் அல்ல. நம் கண்முன் இருப்பவை நம்மைவிட்டுப் போகுமுன்னே அவற்றை ஒருமுறையாவது சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே.

கைப்பேசி இருக்கிறதே!

"கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றனவே, பேனா எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் சில பொருட்களைக் கேமராவில் படம் எடுத்தார்கள். வேறு சிலவற்றைக் கண்களால் மட்டும் பார்த்தார்கள். மறுநாள் விசாரித்தபோது, முழுவதுமாகப் படம் எடுத்த பொருட்களைக்காட்டிலும் வெறுமனே பார்த்த பொருட்களே அவர்கள் நினைவில் கூடுதலாய் நின்றிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஓய்ந்துவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் ஒரு பாகத்தை நெருக்கிப் படம் எடுத்தபோது இந்தக் குறைவு காணப்படவில்லை. உற்றுப் பார்க்கிறவனுக்கு நினைவு நிற்கிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வும் உண்டு. சில சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும், சிலவற்றைப் படமாக வரையவும் சொன்னார்கள். எழுதிய சொற்களைக்காட்டிலும் வரைந்த சொற்களே அவர்களுக்குக் கூடுதலாய் நினைவிருந்தன. வரைந்தவர்களின் படம் அழகாயிருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தும் இது மாறவில்லை. ஆகவே, "எனக்குப் படம் வரைய வராதே" என்பது இந்தப் பழக்கத்திற்குத் தடை அல்ல.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

1853-ஆம் ஆண்டில் பிறந்த இருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். முதலாமவர் வின்சென்ட் வான் கோ. இவர் நெதர்லாந்து தேசத்தில் ஒரு போதகரின் மகன். பெல்ஜியம் நாட்டின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஏழைத் தொழிலாளரிடையே சுவிசேஷ ஊழியராய் இருந்தார். 1879-இல் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டில், தமது 27-ஆம் வயதில், ஓவியராவது என்று முடிவு செய்தார். தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றில் 650-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில், எழுத்துக்கு நடுவே, பேனாவினால் வரைந்த சிறு படங்கள் உண்டு. 1888-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஆர்ல் நகரில் தாம் குடியிருந்த படுக்கையறையைக் கட்டிலும் நாற்காலியும் ஜன்னலுமாக ஒரு கடிதத்தில் வரைந்து அனுப்பினார். தூரத்திலிருந்த தம்பி, அண்ணன் இருக்கிற அறையைப் பார்க்க வேண்டும் அல்லவா?

இரண்டாமவர் லிலியாஸ் டிராட்டர் என்னும் இங்கிலாந்து தேசத்துப் பெண்மணி. அந்நாட்களின் பெரிய கலை விமர்சகரான ஜான் ரஸ்கின் 1876-இல் வெனிஸ் நகரில் இவருடைய படங்களைக் கண்டு வியந்தார். கலைக்கே தம்மை முழுவதுமாய்க் கொடுத்தால் இவர் மிகப் பெரிய ஓவியராவார் என்றும் சொன்னார். லிலியாஸோ ஊழியத்தைத் தெரிந்துகொண்டார். 1888-இல் அல்ஜீரியாவுக்குச் சென்று, 1928-இல் மரிக்கும்வரை 40 ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஆயினும் பேனாவையும் தூரிகையையும் அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. அவருடைய நாட்குறிப்புப் பக்கங்களில், எழுத்துக்களின் ஓரமாக, பூக்களும் சந்துகளும் பாலைவனமும் மனித உருவங்களும் சிறு சிறு படங்களாய் இருக்கின்றன.

கவனித்தீர்களா? ஒருவர் ஊழியத்திலிருந்து ஓவியத்திற்குப் போனார். மற்றவர் ஓவியராகும் வாய்ப்பை விட்டு ஊழியத்திற்குப் போனார். ஆனால் கடிதத்தின் நடுவிலும் நாட்குறிப்பின் ஓரத்திலும் வரைகிற பழக்கம் இருவருக்கும் பொதுவாயிருந்தது. ஏனெனில் அந்தச் சிறு படம் தொழிலைச் சேர்ந்ததல்ல, பார்வையைச் சேர்ந்தது. ஆகவே தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காருகிற தாய்க்கும் அது ஆகும்.

ஒரு தையற்காரரின் நோட்டு

மும்பையில் நான் அறிந்த ஒரு தையற்காரர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். வாடிக்கையாளரின் அளவுகளைக் குறிக்கிற நீள நோட்டின் பின்பக்கங்களில், அளவு எழுதுகிற அதே பேனாவினால், இரவு கடையை அடைக்குமுன் எதையாவது வரைந்து வைப்பார். கத்தரிக்கோல், மெஷினின் கைச்சக்கரம், பித்தான் டப்பா, டீ கிளாஸ். வீட்டிலிருக்கும் நாட்களில் தன் தாயாரை வரைவார்.

அந்தத் தாயார் படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர்கள். கைப்பேசியை நீட்டினால் உடனே சேலையை இழுத்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே இருக்கிற புகைப்படங்களிலெல்லாம் அவர்கள் யாரோ ஒருவரைப்போல இருக்கிறார்கள். ஆனால் மகன் மூலையில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்குவதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. வாசற்படியில் ஒரு காலை நீட்டி, முறத்தை மடியில் வைத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

இப்பொழுது அந்தத் தாயார் இல்லை. அவர்கள் குடியிருந்த சால் கட்டடமும் இடிக்கப்பட்டுவிட்டது. படங்கள் ஓவியமாய்ப் பார்த்தால் சாதாரணமானவைதான். ஒன்றில் கை நீளமாயிருக்கிறது, மற்றொன்றில் முறம் கோணியிருக்கிறது. ஆனால் பேத்தி அந்த நோட்டைப் புரட்டி, "பாட்டி இப்படித்தான் உட்காருவாங்க" என்று சொல்லுகிறாள். அளவு நோட்டின் பின்பக்கத்தைத் தவிர வேறெங்கும் அந்த வாசற்படி இன்று இல்லை.

எதைக்கொண்டு வரைவது?

பென்சிலைவிடப் பேனாவே இந்தப் பழக்கத்திற்கு ஏற்றது. பென்சில் இருந்தால் ரப்பரும் வரும். ரப்பர் வந்தால் அரைமணி நேரம் அழிப்பதிலேயே கழியும். பேனாவில் போட்ட கோடு போட்டதுதான். கோடு தவறினால் அதன் அருகிலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். பார்க்கிறவர் கண் சரியான கோட்டையே எடுத்துக்கொள்ளும்.

சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். மெதுவாய் அழுத்தினால் மெல்லிய கோடும், பலமாய் அழுத்தினால் கறுத்த கோடும் அதில் வரும். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மை காயுமுன் கை பட்டால் இழுபடும். ஊற்றுப்பேனா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தண்ணீரில் கரைகிற சாதாரண மையினால் வரைந்து, ஈரவிரலால் கோட்டின்மேல் தடவினால் மை பரவி நிழலாக மாறும். இந்தியன் இங்க் கரியினால் ஆனது. எளிதில் நிறம் மங்காது. ஆனால் அதை ஊற்றுப்பேனாவில் ஊற்றாதீர்கள், உள்ளே உறைந்து பேனாவை அடைத்துவிடும். தொட்டு எழுதுகிற நிப்புக்கே அது ஏற்றது. வான் கோ நாணல் தண்டைச் சீவி வரைந்த பல படங்களின் மை இன்று நிறம் மாறிப் பழுப்பாகிவிட்டது. எனவே வரைந்த நோட்டை வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

காகிதத்திற்கும் செலவு வேண்டாம். பழைய டைரி, பிள்ளைகளின் நோட்டில் மீந்த தாள்கள், எதுவானாலும் சரி. கோடு போட்ட தாளும் ஆகும். மை மறுபக்கம் ஊறினால் ஒரு பக்கத்தில் மட்டும் வரையுங்கள்.

பழக்கம் நிலைத்திருக்க

ஆர்வத்தோடு தொடங்கி ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். நிலைத்திருக்க விரும்புகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள்.

முதலாவது, படம் சிறியதாயிருக்கட்டும். உள்ளங்கை அளவுக்குமேல் வேண்டாம். முழு வீட்டையும் வரையத் தொடங்காமல் ஒரு டம்ளரை வரையுங்கள். வெளிவிளிம்பை முதலில் போட்டு, நிழல் விழுகிற பக்கத்தில் நெருக்கமாய்ச் சாய்கோடுகள் இடுங்கள். தாளைப் பார்க்கிற நேரத்தைவிடப் பொருளைப் பார்க்கிற நேரம் கூடுதலாயிருக்கட்டும்.

இரண்டாவது, ஏற்கனவே இருக்கிற ஒரு காத்திருப்போடு இதை இணைத்துவிடுங்கள். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை, டிரம்மில் தண்ணீர் நிறையும்வரை, ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் வரும்வரை. தனியே நேரம் ஒதுக்க நினைத்தால் அந்த நேரம் வராது.

மூன்றாவது, விட்டுப்போன நாட்களுக்கு வட்டி கட்டாதீர்கள். நான்கு நாள் வரையவில்லை என்றால் ஐந்தாம் நாளில் ஐந்து படம் வரைய வேண்டியதில்லை. அன்றைக்குரிய ஒன்று போதும். பாக்கியைத் தீர்க்க நினைத்தே பலர் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, படத்தின் கீழே தேதியும் இடமும் ஒரு வரியும் எழுதுங்கள். "மூன்றாவது மாடி, மழை, கரண்ட் இல்லை" என்பதே போதும். பத்து வருடத்திற்குப் பின் அந்த ஒரு வரி உங்களோடு பேசும்.

ஐந்தாவது, வரைந்ததை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாராட்டை எதிர்பார்க்க வேண்டாம். பாராட்டு குறைந்தால் பேனாவும் கீழே இறங்கிவிடும். ஆனால் ஊரிலிருக்கிற வயதான தகப்பனுக்கோ தாய்க்கோ, நீங்கள் சமைக்கிற இடத்தையும் பேரப்பிள்ளை படிக்கிற மூலையையும் வரைந்து தபாலில் அனுப்பலாம். அது காட்சிக்கு வைப்பதல்ல, அன்பின் காரியம்.

ஆறாவது, ரயிலிலும் பேருந்திலும் வரையும்போது பிறர் முகத்தை உற்றுப் பார்த்துச் சங்கடப்படுத்தாதீர்கள். பைகள், செருப்புகள், கைப்பிடியைப் பிடித்திருக்கிற கைகள் என வரைய எத்தனையோ உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உங்களோடு உட்கார்ந்து வரைந்தால், "இது என்ன, நாயா பூனையா?" என்று கேட்டுவிடாதீர்கள். "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி பிள்ளையின் கையை நிறுத்திவிடும். இரண்டாவது கேள்வி அதன் கண்ணைத் திறக்கும்.

பிரியமானவர்களே, நாம் இன்று குடியிருக்கிற வீடும் ஒருநாள் காலியாகும். இதன் சாவியையும் ஒருநாள் திருப்பிக் கொடுப்போம். வீட்டிலிருக்கிற முதியவர்களும் எப்போதும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கப்போவதில்லை. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மளிகைக் கணக்கு எழுதுகிற பேனா வீட்டில் இருக்கிறது. இன்று இரவு படுக்குமுன், உங்களுக்கு எதிரே இருக்கிற ஒன்றை, ஐந்தே நிமிடம், பார்த்து வரையுங்கள். கோணலாய் வந்தால் தேதியைப் போட்டு மூடிவையுங்கள். நாளைக்கு வேறொன்று இருக்கிறது.