மிட்டாய் நினைவிருக்கிறது; பசி மறந்துவிட்டது!

சின்ன வயதில் பார்த்த சினிமா ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கதை முழுவதும் வராது. நடித்தவர் பெயர் வராது. ஆனால், படத்தில் வந்த தின்பண்டம் மட்டும் சட்டென்று ஞாபகம் வரும்!

"ஒரு சாக்லெட் ஆறு ஓடுமே, அந்தப் படம்!" என்பார் ஒருவர். "ராணி ஒரு பையனுக்கு இனிப்புக் கொடுத்து மயக்குவாளே, அது!" என்பார் இன்னொருவர்.

அந்தக் காலத்தில் கண்ணால்தான் தின்றோம். இப்போது அப்படி இல்லை. துருக்கி மிட்டாயும் ஜப்பான் மிட்டாயும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. பர்மா பஜாரில் கிடைக்காவிட்டால், துபாயிலிருந்து வரும் மாமா பெட்டியில் கிடைக்கிறது. ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். வாயில் போடுகிறார்கள். மறு நிமிடம் முகம் சுளிக்கிறார்கள். "ப்பூ! இவ்வளவுதானா?"

மிட்டாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. படத்தை மறுபடியும் முழுசாகப் பாருங்கள். அதற்குப் பிறகு மிட்டாயைத் தின்னுங்கள். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சாக்லெட் ஆறு

ரொவால்ட் டால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1964-ல் ஒரு கதை எழுதினார். சார்லி என்ற ஏழைப் பையன் ஒரு சாக்லெட் தொழிற்சாலைக்குள் போகும் கதை. 1971-ல் ஒரு முறையும், 2005-ல் ஒரு முறையும் அது சினிமாவாக வந்தது.

முதல் படத்துக்குப் பணம் போட்டது யார் தெரியுமா? ஓட்ஸ் விற்கும் க்வேக்கர் கம்பெனி! புதிதாக ஒரு மிட்டாய் செய்து விற்க அந்தக் கம்பெனி நினைத்தது. படம் ஓடினால் மிட்டாயும் ஓடும் என்று கணக்குப் போட்டது. படத்தின் பெயரில்கூட சார்லி இல்லை. மிட்டாய் முதலாளி வில்லி வோங்காதான் இருந்தார். (குழந்தைகளின் நாக்கைப் பிடித்தால் அப்பாவின் பையைப் பிடித்துவிடலாம் என்பது பழைய வியாபார ரகசியம்.)

2005-ல் வந்த படத்தைப் பாருங்கள். ஆறு வருவதற்கு முன்னால் ஒரு வீடு வருகிறது. சாய்ந்துபோன வீடு. ஒரே கட்டிலில் நாலு கிழடுகள். தினமும் முட்டைக்கோஸ் சூப். சார்லியின் அப்பா பற்பசைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அந்த வேலையும் போய்விடுகிறது. சார்லிக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சாக்லெட், அதுவும் பிறந்த நாளைக்கு. அந்த ஒன்றையும் உடைத்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கிறான்! தொழிற்சாலைக்குள் போகும் தங்கச் சீட்டு கிடைத்ததும், "இதை விற்றுவிடலாம், வீட்டுக்குப் பணம் வேண்டும்" என்கிறான்.

ஆறு நமக்கு நினைவிருக்கிறது. முட்டைக்கோஸ் சூப் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ராணி கொடுத்த இனிப்பு

"நார்னியா" படத்தில் வெள்ளைச் சூனியக்காரி கொடுப்பது துருக்கி நாட்டு இனிப்பு. அங்கே அதற்கு 'லோகும்' என்று பெயர். சர்க்கரையும் மாவும் கூட்டிக் கிண்டி, பன்னீர் மணம் சேர்த்து, துண்டு போட்டு, மேலே மாவு தூவி வைப்பார்கள். நானும் தின்று பார்த்தேன். நம் ஊர் பம்பாய் அல்வாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி! பம்பாய் அல்வாவே எனக்கு ஒரு படி மேல்.

இதற்காகவா எட்மண்ட் என்ற பையன் கூடப் பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்தான்?

ஆம், இதற்காகத்தான்! சூனியக்காரி அதில் மந்திரம் வைத்திருந்தாள். ஆனால் அவன் அதைக் கேட்டு வாங்கியது மந்திரத்தால் அல்ல. படம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். லண்டன் மீது குண்டு விழுகிறது. பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து ரயில் ஏற்றி நாட்டுப்புறத்துக்கு அனுப்புகிறார்கள்.

சி. எஸ். லூயிஸ் இந்தக் கதையை வெளியிட்டது 1950-ல். அப்போது இங்கிலாந்தில் மிட்டாய்க்கு ரேஷன்! 1942-ல் வந்த ரேஷன், நடுவில் 1949-ல் சில மாதம் நின்றது. பிறகு மறுபடியும் வந்து 1953 பிப்ரவரி வரை இருந்தது. ஒரு ஆளுக்கு நாலு வாரத்துக்குச் சுமார் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம்தான். அந்தப் புத்தகத்தை முதலில் படித்த குழந்தைகள் கூப்பனை நீட்டி மிட்டாய் வாங்கியவர்கள். எட்மண்டின் நாக்கு எப்படி ஊறியது என்று அவர்களுக்கு விளங்கியிருக்கும். சர்க்கரைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்ற நம் பாட்டிகளுக்கும் விளங்கும்.

தகர டப்பா

மூன்றாவது படத்தைப் பற்றிச் சொல்லவே கை தயங்குகிறது.

ஜப்பானில் 1988-ல் வெளிவந்த சித்திரப் படம், "மின்மினிகளின் கல்லறை". இயக்கியவர் இசாவோ தகஹாத்தா. செயிட்டா 14 வயதுப் பையன். தங்கை செட்சுகோவுக்கு 4 வயது. கோபே நகரத்தில் விமானங்கள் தீக்குண்டு போடுகின்றன. தாய் இறந்துவிடுகிறாள். அப்பா கடற்படையில் இருக்கிறார். உறவுக்காரி வீட்டில் சோற்றுக்குச் சொல் கேட்க வேண்டியிருக்கிறது. இருவரும் வெளியேறி ஒரு குகைக்குள் குடியிருக்கிறார்கள்.

அண்ணனிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதில் பழ ருசியுள்ள மிட்டாய். அழும்போதெல்லாம் தங்கைக்கு ஒன்று. ஒரு நாள் தீர்ந்துவிடுகிறது. டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான். அவள் சப்புக் கொட்டிக் குடிக்கிறாள்! பின்னால், பசி முற்றிய நாளில், விளையாட்டுக் கண்ணாடிச் சில்லை மிட்டாய் என்று நினைத்து வாயில் வைத்துச் சப்புகிறாள்.

கடைசியில் அந்த டப்பாவுக்குள் இருப்பது அவளுடைய எலும்புகள். படத்தின் ஆரம்பத்திலேயே, 1945 செப்டம்பர் 21-ம் தேதி, ரயில் நிலையத்தில் செயிட்டா செத்துக் கிடக்கிறான். கூட்டுகிற ஆள் அந்த டப்பாவை எடுத்து வெளியே வீசுகிறார்.

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1967-ல் இந்தக் கதையை எழுதிய அகியுகி நொசாகா, போரில் தம் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். அவள் கைக்குழந்தை. செயிட்டா அளவுக்குத் தாம் அவளிடம் அன்பாக இருக்கவில்லை என்ற வேதனையில்தான் அவர் இதை எழுதினார்.

மிட்டாய் நிஜமானது. 'சாகுமா' மிட்டாய் 1908-லிருந்து விற்பனையானது. செட்சுகோவின் படம் போட்ட டப்பாக்கள்கூட வந்தன. போருக்குப் பின் சாகுமா என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் ஆயின. சிவப்பு டப்பா விற்ற கம்பெனி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. பச்சை டப்பா கம்பெனி அப்போது மூடவில்லை.

இனி மிட்டாயைத் தின்று பாருங்கள்! வெறும் சர்க்கரை மிட்டாய்தான். ஆனால் "ப்பூ" என்று சொல்ல வாய் வராது.

அழ வைக்கலாமா?

"குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதை விட்டு அழ வைக்கச் சொல்கிறீர்களே?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குழந்தை அழுகைக்குப் பயப்படுவதில்லை. படத்தில் கஷ்டம் வரும்போது வேகமாக ஓட்டிவிடுவது பெரியவர்கள்தான். அப்படி ஓட்டி ஓட்டித்தான் ஆறும் அல்வாவும் மட்டும் மனதில் நிற்கின்றன. பசி என்ன என்று தெரியாத பிள்ளை தட்டில் பாதியை மிச்சம் வைத்தால் அதட்டுகிறோம். அதட்டி என்ன பயன்? அதற்கு யாராவது காட்டியிருக்க வேண்டாமா?

சார்லி படத்தை எல்லா வயதுப் பிள்ளைகளும் பார்க்கலாம். நார்னியாவில் சண்டை உண்டு. சின்னஞ்சிறுசுகள் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். ஜப்பான் படத்தைப் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் காட்ட வேண்டாம். முதலில் அம்மாவும் அப்பாவும் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள். பிறகு பார்த்தால் தூக்கம் வராது.