ஆங்கிலம் அறிவோம்: ‘வந்தார்’ என்பதும் ‘வந்திருக்கிறார்’ என்பதும்

ஆங்கிலம் பயிலும் நம்மவர்க்கு மிகுந்த இடர் விளைப்பவை அரிய சொற்கள் அல்ல; அன்றாடம் அடிபடும் சிறு சொற்களே. அவற்றுள் தலையாயது ‘ஹாவ்’ என்னும் வினை. அது தனித்து நின்று உடைமையைக் குறிக்கும். பிறிதொரு வினைக்குத் துணையாகியும் நிற்கும். துணையாகி நிற்குமிடத்து அஃது உணர்த்தும் பொருள் யாது, எங்கே வரலாம், எங்கே வரலாகாது என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்பதை ஆங்கிலேயர் ‘ஐ ஹாவ் ரூ சில்ட்றன்’ என்பர். ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’ என்பதை ‘ஐ ஹாவ் றிற்றன் எ லெற்றர்’ என்பர். இரண்டிடத்தும் நாம் ‘இரு’ என்னும் வினையை ஆள, அவர்கள் ‘ஹாவ்’ என்பதை ஆள்கின்றனர். பண்டை ஆங்கிலத்தில், ‘எழுதி முடிந்த கடிதமொன்றை உடையேன்’ என்ற பொருள்பட அமைந்த வாக்கியமே நாளடைவில் இவ்வடிவம் பெற்றது. ஆகவே இதனுள் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, செயல் முன்னரே நிகழ்ந்தது. மற்றது, அதன் பயன் இப்பொழுதும் நம்மோடு இருக்கின்றது.

ஓர் உதாரணம் காண்போம். ‘ஐ ஹாவ் லொஸ்ற் மை கீ’ என்று ஒருவர் கூறினால், அவர் திறப்பைத் தொலைத்துவிட்டார். அஃது இன்னும் கிடைக்கவில்லை. அவர் வாசலில் நிற்கிறார் என்றே கேட்பவர் கொள்வர். ‘ஐ லொஸ்ற் மை கீ யெஸ்ரடே’ என்றால், நேற்று நடந்த கதையைச் சொல்கிறார் என்பதே பொருள். திறப்பு பின்னர் கிடைத்ததோ இல்லையோ, அவ்வாக்கியம் அதுபற்றி ஒன்றும் கூறவில்லை.

இதிலிருந்து முதல் விதி தானே பிறக்கின்றது. நேற்று, சென்ற வருடம், 2015ஆம் ஆண்டில் என்றாற் போல முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் வருமாயின், ‘ஹாவ்’ அங்கே இடம் பெறாது. ‘மாமா ஹாஸ் கம் யெஸ்ரடே’ என்பது பிழை; ‘மாமா கேம் யெஸ்ரடே’ என்பதே சரி. ‘இன்று காலை’ என்பதோ பொழுதைப் பொறுத்தது. காலைப்பொழுது கழியுமுன் ‘ஐ ஹாவ் நொட் சீன் ஹிம் திஸ் மோணிங்’ எனலாம். மாலையில் அதே செய்தியைச் சொல்வோர் ‘ஐ டிட் நொட் சீ ஹிம் திஸ் மோணிங்’ என்பர்.

நம்மவர் இவ்விடத்தில் இடறுவதற்குக் காரணம் அறியாமை அன்று, தாய்மொழிப் பழக்கமே. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழிற் பிழையாகாது. முற்றம் ஈரமாய்க் கிடப்பதைக் காலையிற் கண்டு, ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. அடையாளத்தைக் கண்டு உய்த்துணர்ந்தோம். அந்த உய்த்துணர்வையும் தமிழில் ‘இருக்கிறது’ என்னும் துணைவினையே காட்டிவிடுகின்றது. ஆங்கிலத்தில் அதற்கு ‘மஸ்ற்’ என்னும் சொல் வேண்டும்: ‘இற் மஸ்ற் ஹாவ் றெயின்ட் லாஸ்ற் நைற்’. ‘மஸ்ற்’ முன்னே வந்தபின், காலச்சொல் வரலாகாது என்ற தடையும் நீங்கிவிடுகின்றது.

இனி, ‘அண்ணன் கண்டிக்குப் போயிருக்கிறார்’ என்னும் வாக்கியத்தை நோக்குக. அவர் இப்பொழுது வீட்டில் இல்லை எனவும் கொள்ளலாம்; முன்னொருமுறை போய் வந்தவர் எனவும் கொள்ளலாம். ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறு பிரிக்கின்றது. ‘ஹாஸ் கோன் ரு கண்டி’ என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. ‘ஹாஸ் பீன் ரு கண்டி’ என்றால் போய்த் திரும்பியவர்.

அடுத்தது, தொடர்ந்து நடைபெறும் செயல். ‘பத்து வருடமாக இங்கே வசிக்கிறேன்’ என நாம் நிகழ்காலத்திற் கூறுவதால், ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபோர் ரென் இயர்ஸ்’ என எழுதிவிடுகின்றோம். ‘ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபோர் ரென் இயர்ஸ்’ என்பதே முறை. ‘பத்து வருடமாக’ என்பதிலுள்ள ‘ஆக’ என்பதற்கு நிகர் ‘ஃபோர்’. ‘2010ஆம் ஆண்டு முதல்’ என்பதிலுள்ள ‘முதல்’ என்பதற்கு நிகர் ‘சின்ஸ்’. கால அளவுக்கு முன்னையது, தொடங்கிய புள்ளிக்குப் பின்னையது என மனத்திற் கொள்க.

இவையெல்லாம் பரீட்சைப் புள்ளிக்கு மாத்திரம் உரிய நுணுக்கங்கள் என எண்ணற்க. உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவர், ‘ஐ ஹாவ் வேர்க்ட் இன் எ பாங்க் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என எழுதினால், இன்றும் அந்த வங்கியிலேயே வேலை பார்க்கிறார் என்றே படிப்பவர் பெரும்பாலும் கருதுவர். முன்னரே விலகியவராயின் ‘வேர்க்ட்’ என்று மட்டுமே எழுதல் வேண்டும். இல்லையேல், நேர்முகப் பரீட்சையில் உண்மை வெளிப்படும்போது, இலக்கணப் பிழை பொய்யுரையாகத் தோன்றிவிடும்.

இதனினும் கவனம் வேண்டும் இடம் ஒன்று உண்டு. ‘மை ஃபாதர் ஹாஸ் பீன் எ ரீச்சர் ஃபோர் மெனி இயர்ஸ்’ என்றால், தந்தையார் இன்றும் படிப்பிக்கிறார். ‘வொஸ் எ ரீச்சர்’ என்றால், அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். அன்னையை இழந்த நண்பருக்கு அனுதாபக் கடிதம் எழுதுமிடத்து, ‘யுவர் மதர் ஹாஸ் பீன் வெரி கைண்ட் ரு அஸ்’ என எழுதலாகாது. அது வாழ்பவரைப் பற்றிய பேச்சு. ‘வொஸ் வெரி கைண்ட்’ என்பதே அவ்வேளைக்கு ஏற்றது. துயருற்ற வீட்டார் கடிதத்தில் இலக்கணம் பாரார். ஆயினும், சரியான சொல்லைத் தேர்ந்து எழுதுவதும் மரியாதையின் பாற்பட்டதே.

மறைந்த ஆசிரியர்க்கும் இதுவே விதி. சுவாமி விபுலாநந்தர் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவரது ‘யாழ்நூல்’ வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே அமரருமானார். ஆதலின் அவர் அந்நூலை எழுதினார் என்பதற்கு ‘ஹாஸ் றிற்றன்’ எனாது ‘றோற்’ என்பதே தக்கது. எனினும், ‘மெனி ஸ்ரூடன்ற்ஸ் ஹாவ் றெட் யாழ்நூல்’ எனத் தடையின்றி எழுதலாம். நூலாசிரியர் மறைந்தார், நூலைப் படிப்போர் இன்றும் உளர். முன்னையதற்குக் கதவு சாத்தியாயிற்று. பின்னையதற்கு அது திறந்தே கிடக்கின்றது. ‘ஹாவ்’ வரலாமா என ஐயம் எழும்போதெல்லாம், அக்கதவு திறந்துளதா சாத்தியுளதா என்று வினவுக, விடை கிடைக்கும்.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக.

1. தங்கை யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கிறாள், நாளை திரும்புவாள்.

2. எங்கள் பாட்டனார் 1990ஆம் ஆண்டில் இந்த வீட்டைக் கட்டினார்.

3. நாங்கள் 1990ஆம் ஆண்டு முதல் இந்த வீட்டில் வசிக்கிறோம்.

4. நேற்றிரவு யாரோ இங்கே வந்திருக்கிறார்கள். படலை திறந்து கிடக்கிறது.

பிள்ளைகள் எழுதியதைப் பெற்றோரும் உடனிருந்து நோக்குவது நன்று. விடைகள் அடுத்த வாரம்.