மேற்படிப்பா, வேலைத்தளமா?



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் டில்லிக் குடியிருப்பின் மேல்மாடியில் வாழும் பெரியவர் தம் மகனுடன் என் இல்லத்திற்கு வந்தார். நெல்லைச் சீமையினின்று இங்கு வந்து முப்பது ஆண்டுகள் கண்டவர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கிறார். மகன் சிவில் பொறியியல் பட்டம் பெற்று, ஓராண்டாக ஒரு கட்டடத் தளத்தில் மேற்பார்வை செய்து வருகிறான். கட்டுமானத் திட்ட மேலாண்மையில் முதுநிலைக் கல்வி பயில வேண்டும் என்பது அவன் ஆவல். ஆனால் அவனுக்கு இடம் கிடைத்திருப்பது ஒரு தனியார் நிறுவனத்தில். கடன் வாங்கினாலன்றிச் சேர இயலாது. மகளின் திருமணமோ இன்னும் நடந்தேறவில்லை.

"தம்பி, நீங்கள் ரயில்வேயின் கட்டுமானப் பிரிவில் இருப்பவர். பாம்பன் பாலத்தைச் செப்பனிட்ட ஸ்ரீதரன் கற்றது சிவில் பொறியியல்தானே? பிறகு இவனுக்கு எதற்கு இந்தப் புதுப் படிப்பு?" என்றார் பெரியவர்.

நான் பத்தாம் வகுப்புத் தேறிக் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானவன். பொறியியல் அறியேன். ஆயினும் நாள்தோறும் கையாளும் கோப்புகள் ஒன்றைக் கற்பித்துள்ளன: வேலைகள் கல்லும் கம்பியும் இன்றி நிற்பதைவிட, ஒன்றன்பின் ஒன்று உரிய வேளையில் வாராமையால் நிற்பதே மிகுதி.

என் தந்தையார் ஊரில் வீடு கட்டியபோது தரை ஓடுகள் முதலிலேயே வந்து வெயிலில் கிடந்தன. நிலைச்சட்டமோ வரவில்லை, ஆதலின் சுவர் எழவில்லை, சுவரின்றிக் கூரையும் இல்லை. ஓடு பத்து நாள் தாமதித்திருந்தாலும் கேடில்லை. நிலை ஒரு நாள் தாமதித்தால் வீடே ஒரு நாள் தாமதிக்கும். இவ்வாறு எந்த வேலைத் தொடர் முழுப்பணியின் காலத்தை வரையறுக்கிறது என்று கணக்கிடும் முறையை, 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தார் வகுத்தனர். அதனோடு ஒப்பந்தச் சட்டம், செலவு மதிப்பீடு, தரம், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிப்பதே இம்முதுநிலைக் கல்வி.

பாம்பனிலும் நிகழ்ந்தது இதுவே அன்றோ? 1964 டிசம்பர்ப் புயலில் பாலம் சிதைந்தபோது, ரயில்வே அளித்த கெடு 6 மாதம். மேலதிகாரி அதனை 3 மாதமாகக் குறைத்தார். பணி முடிந்ததோ 46 நாளில். புதுத் தூலங்கள் செய்து வருவதற்குக் காத்திராமல், கடலில் வீழ்ந்தவற்றையே மீட்டுப் பொருத்தினர். நெடிய காலம் பிடிக்கும் வேலை எதுவெனக் கண்டு அதனைச் சுருக்கியதே அவ்வெற்றியின் மருமம். அனுபவம் தந்த அவ்வறிவையே இன்று வகுப்பறையில் முறைப்படுத்திக் கற்பிக்கிறார்கள் என்றேன். பெரியவர் தலையசைத்தார்.

பின்னர் மகனிடம் திரும்பினேன். "தம்பி, படிப்பு நன்று, ஆனால் வழி ஒன்றன்று. டில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களிலும், திருச்சி என்.ஐ.டி.யிலும் இத்துறையில் எம்.டெக். உண்டு. டில்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியிலும் இதனையொத்த முதுநிலைப் படிப்பு உண்டு. 1983-இல் தோன்றிய நிக்மார் இத்துறைக்கென்றே அமைந்தது. எம்.டெக். சேர்க்கைக்குப் பெரும்பாலும் கேட் தேர்வே வாயில்; அதன் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். அவ்வழியில் அரசுக் கல்வி நிலையங்களில் சேர்வோர்க்கு மாத உதவித்தொகையும் உண்டு. கடன் வாங்குவதாயின், முன்னாண்டு மாணவர் எத்தனை பேர் எங்கே, என்ன சம்பளத்தில் அமர்ந்தனர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். தவணை பின்னர்த் தொடங்கினும், வட்டி படிக்கும் காலத்திலேயே வளரும் என்பதை மறவாதே. தளத்தில் இன்னும் ஓராண்டு நின்றால், வகுப்பில் கேட்பவை கண்ணால் கண்டவையாக இருக்கும்."

இளைஞன் நெடுநேரம் பேசவில்லை. "இடம் கைநழுவிப் போகுமே, அண்ணா" என்றான் இறுதியில். போகக்கூடும், அதனை நான் மறுக்கவில்லை.

அப்போது பெரியவர் மெல்லச் சொன்னார்: "தங்கையின் கல்யாணப் பணத்தைத் தொட என்னால் இயலாது. ஆனால் இந்த ஓராண்டு உன் சம்பளத்தில் ஒரு காசும் வீட்டிற்குத் தர வேண்டாம். புத்தகம் வாங்கு, தேர்வெழுது. மிஞ்சியதை உன் பெயரிலேயே போட்டு வை."

பதினாறு வயதில் இத்தகைய சொல்லைக் கேட்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. அதனாலேயே அதன் மதிப்பை நான் அறிவேன். அவன் எழுந்து தந்தையின் கைத்தடியை எடுத்துக் கொடுத்தான். இருவரும் படியேறிச் சென்றனர்.

நம் இல்லங்களில் இத்தகைய பிள்ளைகள் பலர் உளர். இத்துறையில் பயின்றவரோ பணிபுரிவோரோ நம் சங்கத்தில் இருப்பின், ஒரு மாலை வந்து அவர்களுடன் உரையாட வேண்டுகிறேன்.