வந்துட்டு போன் பண்ணுங்க!

கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன். தலைப்பில் இருக்கும் அந்த மூன்று வார்த்தைகள் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

போன மாதம் ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனுக்காக பிவண்டி போயிருந்தேன். கடன் வாங்கியவர் கணக்கில் காட்டும் சரக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் வேலை. (பி.காம். படித்ததற்குக் கிடைத்த பலன் :-)) பழைய ஊருக்குள், விசைத்தறிக் கூடங்கள் நெருக்கியடிக்கும் ஒரு சந்து. வளைவில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டோடு ஒரு பன்னிரண்டு சக்கர லாரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. சாக்கடை மேல் போட்டிருந்த சிலாப் உடைந்து பின்சக்கரம் இறங்கிவிட்டது. பின்னால் வரிசையாக ஆட்டோக்கள். சுற்றிலும் கூட்டம், கத்தல்.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன். "சார், நீங்க தமிழுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் டிரைவர். ஐம்பது வயதிருக்கும். திருச்செங்கோட்டுக்காரர். ஈரோட்டிலிருந்து நூல் லோடு. கிளீனர் கிடையாது, ஒற்றை ஆள்.

"குடோன் தாபோடேவுல இருக்குதுங்க சார். அவங்க அனுப்பின லொகேஷன் இங்க கொண்டாந்து விட்டுருச்சுங்க."

தாபோடே எங்கே இருக்கிறது? நாசிக் ஹைவேயில் மான்கோலி பக்கம், ஊருக்கு வெளியே! பார்ட்டியின் சூப்பர்வைசருக்கு நானே போன் போட்டேன். பதில் என்ன தெரியுமா? "ஓ, அது முதலாளியோட பழைய ஆபீஸ் லொகேஷன், மாறிப் போயிடுச்சு. ஆனா டிரைவருக்கு அறிவு வேண்டாமா? இவ்வளவு பெரிய வண்டியை சந்துக்குள்ள விடலாமா?"

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பான வழி கொடுத்தவர் ஏசி அறையில் உட்கார்ந்து அறிவைப் பற்றிப் பேசுகிறார். சிலாப்புக்கு 4,000 ரூபாய் கொடுத்தது டிரைவர், தன் பாக்கெட்டிலிருந்து. அதற்குப் பில் உண்டா, ரசீது உண்டா? எந்த ஓனர் திருப்பித் தருவார்?

"இறங்கி விசாரிச்சுட்டு வந்திருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். ஐயா, பன்னிரண்டு சக்கர லாரியை எந்த முக்கில் நிறுத்திவிட்டு விசாரிப்பது? நிறுத்தினால் போலீஸ் சலான். எந்த மொழியில் விசாரிப்பது? சந்து என்று தெரிவதற்குள் பின்னால் பத்து வண்டி வந்துவிடும். அப்புறம் ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் நின்று சைகை காட்டக்கூட ஆள் இல்லை.

கணக்கு சொல்கிறேன், அதுதானே நம் தொழில். லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை இருக்கலாம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போடும் ஒருவழிச் சாலையின் தார்ப்பகுதி வழக்கமாக 3.75 மீட்டர். எதிரில் இன்னொரு லாரி வந்தால்? 5.2 மீட்டர் வேண்டும். யாராவது ஒருவர் மண்ணில் இறங்க வேண்டியதுதான். பிவண்டி சுற்றுவட்டாரத்தில் வயலாக இருந்த இடங்களில் குடோன்கள் முளைத்தன. மும்பை ஆக்ட்ராய் எல்லைக்கு வெளியே என்பது அன்றைக்குப் பெரிய வசதி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து ஆக்ட்ராய் போய்விட்டது. குடோன்கள் இருக்கின்றன. பல இடங்களில் அவற்றுக்குப் போகும் பாதை மட்டும் இன்னும் மாட்டு வண்டிக் காலத்திலேயே நிற்கிறது.

டெக்னாலஜி? கூகுள் மேப்பில் இந்தியாவில் டூவீலருக்கு 2017-லேயே தனி வழி வந்துவிட்டது. குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியை 2024-ல் அறிவித்தார்கள், அதுவும் காருக்கு. லாரிக்கு என்று ஒரு பட்டன் அதில் இல்லை. இ-வே பில் இன்னும் வேடிக்கை. பின்கோடு போட்டால் தூரத்தை அதுவே கணக்குப் போடும். ஆனால் பின்கோடு என்பது 1972-ல் தபால்காரருக்காக வந்தது. தபால்காரர் சைக்கிளில் போவார், சந்தில் திரும்புவார். 421302 என்ற ஒரே நம்பருக்குள் தாபோடே, வல், பூர்ணா, ராஹ்னால் என்று எத்தனை கிராமங்கள்! ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரியும். கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் யாருக்கும் தெரியாது.

எங்கள் பேங்கில் எல்.சி. பேப்பரில் பெயரோ தொகையோ மாறியிருந்தால் டிஸ்கிரிபன்சி என்று பணம் நின்றுவிடும். தப்பாக எழுதியவர்தான் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடுவார். விலாசத்துக்கும் அதே சட்டம் வரட்டும் என்கிறேன். எந்த எக்ஸிட், எந்தத் திருப்பம், பாதை எவ்வளவு அகலம், நோ என்ட்ரி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கேட்டில் போனை எடுப்பவர் யார், இவ்வளவும் எல்.ஆரில் எழுதியிருக்க வேண்டும். லொகேஷன் அனுப்புவதானால் ஆபீஸில் உட்கார்ந்து அல்ல, குடோன் கேட்டில் நின்று அனுப்ப வேண்டும். கொடுத்த வழி தப்பென்றால் ஹால்டிங் சார்ஜும் சேதமும் கொடுத்தவர் கணக்கில். ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் போதும், அடுத்த தடவை லொகேஷன் சரியாக வரும்.

நான் என்ன ஒழுங்கு? 2016-ல் சென்னையிலிருந்து தானேக்கு மாற்றலாகி வந்தபோது, சாமான் லாரி டிரைவரிடம் நானும் "ஸ்டேஷன் பக்கம் வந்துட்டு போன் பண்ணுங்க" என்றுதான் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் அடித்தபோது நான் தூக்கத்தில். விடியும்வரை சுற்றிவிட்டு வந்தால் எங்கள் சொசைட்டி ஆர்ச்சுக்குள் லாரி நுழையவில்லை. சின்ன டெம்போ வைத்து சாமானை மாற்றியதற்கு 1,500 ரூபாய் கேட்டார். சண்டை போட்டேன். "வழி சொன்னது நீங்கதானே, அவரை ஏன் திட்டறீங்க?" என்று வீட்டம்மா கேட்டாள். அப்போது பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

வெளியூரில் இருக்கும் நாம் எல்லோரும் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வீடு மாறுகிறவர்கள். அடுத்த தடவை லாரி பேசும்போது, முதல் நாளே இறங்கி நடந்து பாருங்கள். ஆர்ச் உயரம், தெரு அகலம், தொங்கும் வயர், எல்லாம் பார்த்து டிரைவரிடம் தமிழிலேயே சொல்லுங்கள். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டுக்காரர் அன்று சாயங்காலம் தாபோடே போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன் பண்ணினார். "லேட்டுன்னு வாடகையில ஆயிரம் பிடிச்சுட்டாங்க சார்" என்றார்.

யார் லேட் பண்ணினது?