சோலார் பம்புக்குத் திரி தேவையில்லை

உத்திரமேரூர் வட்டாரத்தில் சொர்ணவாரி நெல்லுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் கோடையில்தான் ஏரிகளில் நீர் வற்றுகிறது. கிணறும் ஆழ்துளைக் கிணறுமே அப்போது துணை. அரசு மானியத்தில் அமைக்கப்படும் சோலார் பம்புசெட்டுகள் முழுத்திறனில் ஓட வேண்டிய அந்த நாட்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பம்பின் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் உட்புறம் அதைவிடச் சூடாக இருக்கும். சூடு எல்லை மீறினால் கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். உள்ளிருக்கும் மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. இந்தச் சூட்டை மின்விசிறி இல்லாமலே வெளியேற்ற வழி இருக்கிறது. ஆனால் அதை விண்வெளியிலிருந்து அப்படியே நகலெடுக்கக் கூடாது.

அந்த வழியின் உச்ச வடிவம் 'லூப் ஹீட் பைப்' எனப்படும் சுற்று வெப்பக் குழாய். 1972-இல் சோவியத் ஒன்றியத்தின் உரால் பகுதியில் யூரி மைதானிக்கும் அவருடைய சக ஆய்வாளரும் உருவாக்கிய இது, 1989-இல் விண்வெளிக்குப் போனது. சூடான பக்கத்தில் திரவம் ஆவியாகிறது; ஆவி குழாய் வழியே சென்று குளிர்ந்த பக்கத்தில் திரவமாகிறது; விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, நுண்துளைகள் நிறைந்த உலோகத் திரி அத்திரவத்தை மீண்டும் இழுத்துக்கொள்கிறது. ஆவியாதலின் வலிமையை ஒரு கணக்கு காட்டும். 5 குதிரைத்திறன் பம்பின் கன்ட்ரோலர் சுமார் 150 வாட் சூட்டை வெளியிடுவதாகக் கொண்டால், அதைச் சுமந்து செல்ல நிமிடத்துக்கு 4 கிராம் தண்ணீர் ஆவியானால் போதும். அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

சிக்கல், திரி அமைந்த சூடான பக்கத்தில், அதாவது ஆவியாக்கியில் இருக்கிறது. திரியின் துளை சிறுக்கச் சிறுக்க இழுவிசை கூடும். ஆனால் திரவம் ஓடுவதற்கான தடை அதைவிட வேகமாகக் கூடும். திரி வெப்பத்தை நன்கு கடத்தினால், சூடு திரிக்குப் பின்னால் திரவம் தங்கும் அறைக்கும் கசியும். சுமை குறைவாக இருக்கும்போது திரவம் மெல்லத் திரும்புவதால் இந்தக் கசிவை ஈடுகட்ட முடியாமல், சாதனம் நடுத்தரச் சுமையில் இருப்பதைவிடச் சூடாக ஓடக்கூடும். காலையில் மெல்லத் தொடங்கி நண்பகலில் உச்சம் தொட்டு, மேகம் வந்தால் தொய்யும் சோலார் பம்புக்கு இது முக்கியம். நிலையான முழுச்சுமைக்கு மட்டும் போட்ட கணிப்பு வயலுக்குப் பயன்படாது.

இத்தனை பாடுபட்டுத் திரியை வடிவமைப்பது ஏன்? சுற்றுப்பாதையில் திரவத்தைத் திருப்பி அனுப்ப ஈர்ப்பின் துணை கிடைக்காது. வயலில் அது இலவசம். குளிர்விக்கும் தகடுகளைப் பெட்டிக்கு மேலே நிழலில் வைத்தால் திரவம் தானாக இறங்கிவரும். செயற்கைக்கோளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அம்மோனியா தேவைப்படுகிறது. இங்கே காற்றை வெளியேற்றி மூடிய செம்புக் குழாயில் தண்ணீரே போதும். 1977-இல் முடிந்த டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களில், உறைநிலத்தை உருகாமல் காக்க, ஈர்ப்பின் துணையில் இயங்கும் வெப்பக் குழாய்கள் 1,20,000-க்கும் மேல் பொருத்தப்பட்டன. அவற்றில் விசிறியும் இல்லை, பம்பும் இல்லை.

மின்விசிறி மலிவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது தூசியில் அடைபடும், தேயும். அது நின்றால் சூடு ஏறுவது கன்ட்ரோலர் நிற்கும்வரை தெரியாது. நிழல் போட்டால் போதாதா? நிழல் முதலில் வேண்டியதே. ஆயினும் பெட்டிக்குள் பிறக்கும் சூட்டை அது வெளியேற்றாது. வெப்பக் குழாய் கசிந்தால் ஊரில் பழுதுபார்க்க முடியாது என்பது வலுவான ஆட்சேபம். அதனால் கழற்றி மாற்றும் பாகமாகவே அதை வடிவமைக்க வேண்டும். தகடுகளைத் துடைப்பது மட்டும் விவசாயியின் வேலையாக இருக்கட்டும். பராந்தக சோழன் காலக் கல்வெட்டிலேயே ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியம் இடம்பெற்ற உத்திரமேரூருக்கு, பராமரிப்பு இல்லாத பாசனம் நிலைக்காது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் குழாய் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சி தராது என்பதும் உண்மை. ஆகவே பெட்டியின் தாங்குதிறனை 45 டிகிரி வெயிலுக்கேற்பத் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும்.

மானியம் தரும் அரசு, பம்பின் குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. காலை முதல் மாலை வரை மாறும் சுமையில், 45 டிகிரி வெப்பத்தில், விசிறியில்லாமல் கன்ட்ரோலர் தாங்குகிறதா என்ற சோதனையையும் ஒப்பந்தப்புள்ளியில் கட்டாயமாக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் ஆவியாக்கி ஆய்வுகளுக்கும் அந்தச் சோதனையே தேர்வுக்களமாகட்டும்.